நான்காம் அடுக்குக்கு ஒரு கை

உங்கள் துறையின் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார். "மேடம், பிசிக்ஸுக்கு இந்த வருஷம் புதுசா டீச்சருங்க நெறையப் பேர் சேந்திருக்காங்க. உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, அவங்களுக்கு மோட்டிவேஷனா இருக்கும்" என்று கேட்டிருந்தார். மோட்டிவேஷன் என்னிடம் கையிருப்பு இல்லை. அனுபவம் இருக்கிறது. அது வேறு சரக்கு, கொஞ்சம் கசக்கும். கசப்பு ஆகாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த வகுப்புக்குத் தயார் செய்யப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பாடக்குறிப்பு எப்படி எழுதுவது, பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். பயிற்சியில் வராத ஒன்று இருக்கிறது. சரியான விடை உங்களுக்குத் தெரியும், அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைச் சொல்லக்கூடாது என்று ஒரு நாள் வரும். எனக்கு அது வந்தது மின் இருமுனைப் பாடத்தில்.

திண்டுக்கல்லில், பழனி ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பயிற்சி மையம். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற இடம். பெயர் வேண்டாம். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி அங்கேதான் போனது. எங்கள் டைரக்டர் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர், அவரும் ஒரு காலத்தில் இயற்பியல் ஆசிரியர். கெட்டிக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சூத்திரத்தை மறக்கக்கூடாது என்று கோஷம் போட வைப்பதை அவர்தான் ஆரம்பித்தார். காலையில் வகுப்பு தொடங்கும்போது ஆசிரியர் "சார்ஜுன்னா?" என்பார். ஹால் முழுக்க "ரெண்டு!" என்று கத்தும். "டைபோலுன்னா?" "மூணு!" கூடவே மேசையில் ஒரு தட்டு. எதிர் வரிசைக் கடைக்காரர்களுக்குக்கூட அது மனப்பாடம். டீ கொண்டுவருகிறவர் கிளாஸை வைத்துவிட்டு "டைபோலுன்னா மூணு" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்.

கோஷத்தில் தப்பில்லை. ஒரு மின்னூட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் புலம், தூரத்தின் இரண்டாம் அடுக்கில் குறையும். தூரம் இரு மடங்கானால் புலம் நான்கில் ஒரு பங்கு. மின் இருமுனை, அதாவது டைபோல், என்பது சமமான நேர், எதிர் மின்னூட்டங்கள் இரண்டு அருகருகே நிற்பது. ஒரே வீட்டு வாசலில் ஒருவர் வா என்கிறார், ஒருவர் போ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே நிற்பவனுக்கு இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். தெருமுனையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிச்சம் மட்டும் லேசாகக் கேட்கும். அதனால் இருமுனையின் புலம் இன்னும் வேகமாக, மூன்றாம் அடுக்கில் குறைகிறது. தூரம் இரு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு. கோஷம் சொல்வது இந்த மூன்றைத்தான்.

ஆனால் அந்தத் தெருமுனையில் இன்னொரு இருமுனையைக் கொண்டுபோய் வைத்தால்? அதிலும் ஒரு நேர், ஒரு எதிர். ஒன்றை இழுக்கும், ஒன்றைத் தள்ளும். அங்கேயும் மிச்சம்தான் விசை. ஒரு அடுக்கு கூடிப்போய் நான்காகிவிடும். ஒரே அச்சில் நிற்கும் இரண்டு சிறு இருமுனைகளுக்கு நடுவே தூரத்தை இரு மடங்காக்கினால் விசை பதினாறில் ஒரு பங்கு. கோஷத்தில் இது கிடையாது. கோஷத்தை மட்டும் படித்தவன் எட்டு என்பான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் துறையின் மூத்தவர். மதுரையில் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்று எங்கள் மையத்துக்கு வந்தவர். வாய்ப்பாடாகச் சொல்லாமல் மிச்சத்தின் மிச்சம் என்று சொல்லிக்கொடுத்தார். "சமன்பாடு மறந்து போகும்மா. எது எதோட அடிச்சுக்குதுன்னு தெரிஞ்சா நீயே அதக் கட்டிக்கலாம்" என்றார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ஆசான் அவர் ஒருவர்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அவரைப் பற்றி வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் மையத்தில் ஸ்பெஷல் பேட்ச் என்று ஒன்று உண்டு. அதில் தேர்வானவர்களுக்குத் தனி வகுப்பு, தனி ஆசிரியர், சந்தேகம் கேட்க நேரம் எல்லாம் கிடைக்கும். தேறாதவர்களுக்குப் பெரிய ஹால், திரையில் ஓடும் பாடம். சந்தேகம் வந்தால் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஸ்பெஷலுக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வு, அதில் விட்டவர்களுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு தேர்வு. அந்த வருஷம் முதல் தேர்வுக்கு இயற்பியல் கேள்விகளை டைரக்டரே எடுத்தார். அதில் ஒன்று நான் மேலே சொன்ன கேள்வி. இரண்டு இருமுனைகள், தூரம் இரு மடங்கு, விசை என்னாகும்? விடைக்குறிப்பில் எட்டில் ஒரு பங்கு என்று போட்டிருந்தார். தன் கோஷத்தைத் தானே நம்பிவிட்டார்.

பெரும்பாலான பிள்ளைகள் கோஷப்படி எட்டு என்று போட்டு மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். பதினாறு என்று போட்டவர்கள் சிலர். அவர்களில் தேர்ச்சிக் கோட்டில் நின்றவள் பவித்ரா ஒருத்திதான். அகரம் கிராமத்துப் பெண். அப்பா செவ்வந்தி போடுகிற விவசாயி. விடிகாலையில் பூவை மார்க்கெட்டில் இறக்க வரும் வண்டியிலேயே மகளையும் ஏற்றிக்கொண்டு வருவார். முந்தைய வருஷம் மெடிக்கல் சீட்டைக் கொஞ்சத்தில் தவறவிட்டு, மறுபடி எழுத வந்திருந்தாள். ஸ்பெஷலில் வந்தால் இந்த வருஷமும் படி, வராவிட்டால் கிடைக்கிற காலேஜில் சேர்ந்துவிடு என்பது வீட்டில் பேச்சு. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்கிற தேர்வு அது. சரியான விடையைப் போட்டதற்காக அவளுக்குக் குறைத்தார்கள், அந்த ஒரு கேள்வியில் அவள் கோட்டுக்குக் கீழே போனாள்.

நான் டைரக்டரிடம் போனேன். அவர் கத்தவெல்லாம் மாட்டார், அதுதான் அவரிடம் சிரமம்.

"ஏனுங்க மேடம், டைபோலோட புலம் மூணாம் அடுக்கு. விசைங்கறது சார்ஜ் இன்டு புலம். அப்ப விசையும் மூணு தானுங்களே?"

"ஒரு சார்ஜ் இருந்தா மூணு சார். அங்க ரெண்டு சார்ஜ் இருக்கு, எதிரெதிரா. ஒண்ணுக்கு வர்றதுல இன்னொண்ணுக்கு வர்றது கழியும்."

விடைக்குறிப்பை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். புரிந்துவிட்டது. அவர் முகத்தில் நான் அதைப் பார்த்தேன், இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பிறகு சொன்னார்: "ஆன்சர் கீ பேரண்ட்ஸ் குரூப்புக்கெல்லாம் போயாச்சுங்க. இப்ப மாத்துனா எதிர்த்த சென்டர்காரன் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவான். டைபோலுன்னா மூணுன்னு சுவத்துல எழுதி வச்சிருக்கறமுங்க. சரி, ஒண்ணு பண்ணலாம். டிபார்ட்மெண்ட்லயே கேட்டுருவமுங்க."

எங்கள் மையத்தில் எல்லாவற்றுக்கும் கை தூக்குகிற வழக்கம் இருந்தது. டூர் கொடைக்கானலா ஒகேனக்கலா, ஆசிரியைகளுக்குப் பச்சைச் சேலையா நீலமா, எல்லாம் கை தூக்கித்தான். ஜனநாயகம் என்று டைரக்டருக்குப் பெருமை. அன்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் இயற்பியல்காரர்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்து, கேள்வியை வாசித்தார். "நாலாம் அடுக்குங்கறவங்க கை தூக்குங்க" என்றார். இயற்கையின் விதியைக் கை எண்ணி முடிவு செய்த ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா, தெரியவில்லை.

நான் தூக்கினேன்.

மற்ற மூன்று பேரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவர்களுக்குச் சின்ன வயது, வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் மூத்தவரைத்தான் பார்த்தேன். மிச்சத்தின் மிச்சம் என்று எனக்குச் சொன்ன மனிதர். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். கை இரண்டுக்கும் வேலை இருந்தது. வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்த வயதுக்காரரிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

"ஒரே ஒரு கை தானுங்க" என்றார் டைரக்டர். "அப்ப மூணே இருக்கட்டும்." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நம்மவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

கூட்டம் முடிந்து மூத்தவர் என்னோடு கீழே டீக்கடை வரைக்கும் வந்தார். அவரே ஆரம்பித்தார்.

"நீ சொன்னதுதாம்மா சரி."

"அத அங்க சொல்லியிருக்கணும் சார்."

"சொன்னா என்னாகும்? கீ மாறப் போறதில்ல. எனக்கும் அவருக்கும் மனஸ்தாபம், அம்புட்டுதான் மிச்சம். இந்த வயசுல வேற எங்கிட்டுப் போயி வேல கேப்பேன்? செத்த நேரம் பொறுத்துக்கிட்டா எல்லாம் ஆறிப் போகும்மா."

ஆறித்தான் போனது. அவருக்கு வாங்கிய டீயும் அப்படியே ஆறியது. குடிக்காமல் போய்விட்டார். அவரை நான் இன்றும் வெறுக்கவில்லை, ஆனால் மரியாதை அன்றோடு போய்விட்டது. உங்களுக்கு நல்ல ஆசான் கிடைத்தால் அவரிடம் பாடம் கற்றுக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடம் தெரிந்தவருக்குத் தைரியமும் இருக்கும் என்று எதிர்பார்த்தது என் ஏமாளித்தனம்.

மறுநாள் பவித்ராவின் அப்பா வந்தார். மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் செவ்வந்தி வாசம். மகள் பின்னால் நின்றாள்.

"டீச்சரம்மா, இவ போட்டது சரியா தப்பா?"

"சரிங்கய்யா."

"பெறகு என்னத்துக்கு மார்க்கக் கொறச்சாக?"

விடைக்குறிப்பில் வேறு மாதிரி இருக்கிறது, மாற்ற மாட்டேன் என்கிறார்கள் என்றேன். அவர் டைரக்டர் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். மகளைத் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அம்புட்டுப் புள்ளையும் மூணுன்னு போட்டிருக்குல்ல? தெனமும் மேசையத் தட்டிச் சொல்லிக் குடுக்குறாகள்ல? ஒனக்கு மட்டும் என்ன பெரிய இது? டீச்சரம்மா, நீங்களாவது சொல்லுங்க, ஊரோட ஒத்துப் போகச் சொல்லுங்க. அடுத்த பரிச்ச வரைக்கும் பாப்பேன். அதுலயும் வரலன்னா காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

பவித்ரா அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்னும் பேட்ச் பிரிக்காததால் பவித்ராவும் என் வகுப்பில்தான் இருந்தாள். அன்றே வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள், "மிஸ், ரெண்டு டைபோலுக்கு நடுவுல மூணா, நாலா?" யாருக்காகக் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். மேசை தட்டும் பிள்ளைகள் அத்தனை பேரும் கப்சிப். கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால், கதவோரத்தில் டைரக்டர் நிற்கிறார். அவர் தினமும் ஒரு நடை அப்படி வந்து நின்றுவிட்டுப் போவார், அன்று போகவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. மூன்று என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிறகு பார்க்கலாம், சிலபஸில் இல்லை என்று நழுவலாம், நம்மில் பாதிப் பேர் செய்வது இதைத்தான். நான் சாக்பீஸை எடுத்தேன். வீரத்தினால் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஆத்திரம். முந்தின நாள் டீக்கடையில் விழுங்கிய ஆத்திரம் அப்படியே இருந்தது. இரண்டு இருமுனைகளையும் வரைந்து, எது எதை இழுக்கும், எது எதைத் தள்ளும், கழித்தால் என்ன மிஞ்சும் என்று முதலில் இருந்து போட்டு, கடைசியில் பதினாறில் ஒரு பங்கு என்று எழுதிக் கட்டம் கட்டினேன். திரும்பிப் பார்த்தபோது கதவோரத்தில் ஆள் இல்லை.

அடுத்த வாரம் என்னை நத்தம் ரோட்டில் இருந்த பழைய கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேர ட்யூஷன் நடந்துகொண்டிருந்தது. "அடித்தளத்துல உங்கள மாதிரி அனுபவசாலி இருக்கோணுமுங்க மேடம்" என்று டைரக்டர் சிரித்தபடியே சொன்னார். என்னுடைய வகுப்பை மூத்தவருக்குக் கொடுத்தார்கள். அவர் அந்தப் பாடத்தை மறுபடி தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். எட்டு என்றும் சொல்லவில்லை, பதினாறு என்றும் சொல்லவில்லை.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒருத்தியை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பலாம். ஐந்து பேரையும் அனுப்பினால் ஸ்பெஷல் பேட்சுக்கு யார் பாடம் எடுப்பது? அந்தக் கணக்கு டைரக்டருக்கு நன்றாகத் தெரியும், ஐந்து பேரும் ஒன்றாகக் கை தூக்க மாட்டோம் என்பதும் தெரியும், அதனால்தான் கை தூக்கச் சொல்லும் தைரியம் அவருக்கு வந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேரும் ஒரு டீ குடித்துப் பேசியிருந்தால் போதும். ஒருத்தரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. சரியான விடை கையில் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். அறைக்குள் போவதற்கு முன்னால் பேசுங்கள். உள்ளே போன பிறகு அவரவர் கண்ணாடியை அவரவர் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டாவது தேர்வு நடந்தது. டைரக்டர் பிடிவாதமாக அதே கேள்வியை மறுபடியும் வைத்தார் என்று தெரிந்தது. விடைக்குறிப்பும் அதேதான். பவித்ரா மறுபடி கீழே போய்விடுவாளே என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு வந்த அன்று சாயங்காலம், நத்தம் ரோட்டுக் கட்டடத்துக்கு அவள் என்னைத் தேடி வந்தாள். கையில் பை நிறையச் செவ்வந்தி. "மிஸ், ஸ்பெஷல்ல வந்துட்டேன். அப்பா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். எப்படி எழுதினாய், கெமிஸ்ட்ரி எப்படி இருந்தது என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டேன்.

"அந்த டைபோல் கேள்வி மறுபடி வந்துச்சாமே?"

"வந்துச்சு மிஸ்." பைக்குள் பூவைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். "எட்டுல ஒரு பங்குன்னு போட்டேன்."

அவளே வேகமாகச் சொன்னாள்: "பதினாறுன்னு தெரியும் மிஸ். நீங்க போட்டுக் காமிச்சது அப்புடியே மனசுல இருக்கு. நெஜப் பரிச்சையில வந்தா பதினாறு போட்டுக்கிருவேன். இங்க எட்டு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஒனக்காக அன்னைக்கி அந்த ரூம்ல நான் ஒருத்தி கை தூக்கினேன். அது தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மிஸ். எல்லாப் புள்ளைங்களுக்கும் தெரியும்." சுற்றிலும் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கிறுக்கி வைத்த பெஞ்சு, ஓடாத ஃபேன். "அதுக்குத்தான உங்கள இங்க அனுப்பிட்டாங்க. அதப் பாத்துட்டுத்தான் மிஸ் நான் எட்டுன்னு போட்டேன்."

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் முகத்தைப் பார்த்தாள். "வாரேன் மிஸ், அப்பா கீழ வண்டியில நிக்கிறாரு" என்று பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை வருஷமாகப் பிள்ளைகள் என் கரும்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.